டிஸ்க்கில் விழாத குச்சி

மார்ச் 6

தங்கை மகன் டப்பாவுக்கு மாமா சொல்லி எழுதுவது.

முழங்காலைக் கழித்துவிட்டால் நான் சுகம். மகள் ஆஸ்பத்திரி டியூட்டிக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறாள். ஓடுகிறாள் என்றாலே சுகமாக இருக்கிறாள் என்று அர்த்தம். அவள் வீட்டுக்காரரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்டால், "நல்லாருக்கேன் மாமா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு அப்படித் தப்பிக்க முடியாது. எழுதிக்கொடுப்பவர் வழக்கம்போல மாடி வீட்டு டைப்பிஸ்ட் அம்மா. "உங்க பேச்சுல எங்கதான் முற்றுப்புள்ளி வைக்கிறது?" என்று இப்போதே அலுத்துக்கொள்கிறார்.

சின்ன வயதில் என் பெயிண்ட் டப்பாக்களைத் தட்டித் தட்டியே டப்பா ஆன நீ, வெளிநாட்டு மேடையில் உங்கள் குழுவோடு டிரம்ஸ் அடித்த கச்சேரியை டிவியில் நேரலையாகப் பார்த்தேன். உங்களுக்கு அது சாயங்காலம், எனக்கு விடிகாலை. மகளுக்கு டியூட்டி. மருமகப்பிள்ளையை முந்தின நாளே அழைத்தேன். "ராக் மியூசிக்கா? தலைவலிய நான் தேடிப் போய் வாங்கணுமா மாமா?" என்று சிரித்தார். அதனால் என் அறையில் நான் மட்டும்தான்.

முதல் பாட்டில் சத்தமே வரவில்லை. எல்லோரும் வாயை வாயை அசைத்தீர்கள். டிவி தலையில் இரண்டு தட்டு தட்டினேன், வந்தது. அடுத்த பாட்டில் பாடகனுக்கு வரி மறந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மைக்கை ஜனங்கள் பக்கம் நீட்டினான், அவர்கள் பாடிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் தூறல் போட்டது. கிடார்க்காரன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நல்ல இடத்துக்கு வந்தான், சரியாக அங்கே சோப்பு விளம்பரம் போட்டார்கள்.

அப்புறம் அந்த நீளப் பாட்டு. பாதியில் உன் வலது கைக் குச்சி விழுந்தது. குச்சி விழுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. பக்கத்தில் வேறு செருகி வைத்திருக்கிறாய், எடுத்தாய். அதுவும் விழுந்தது. இன்னொன்றைத் தொட்டாய், விரல் மடங்கவில்லை. இடது கையால் வலது கை விரல்களைப் பிடித்து மடக்கிப் பார்த்தாய். பாடகன் திரும்பிப் பார்த்தான். தாளம் இல்லாமலே பாடினான். ஜனங்கள் கைதட்டித் தாளம் கொடுத்தார்கள். காதில் ஹெட்போன் மாட்டிய ஒருவர் வந்து உன் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். மீதிப் பாட்டுக்கெல்லாம் வேறு யாரோ உட்கார்ந்து அடித்தான். அவனைத் தூரத்திலிருந்தே காட்டினார்கள்.

கைக்கு என்னடா?

மகளிடம் சொன்னேன். "நீங்களே அத்தான்கிட்ட கேளுங்கப்பா" என்றாள். கேட்டுவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு. பதில் போடு.

மாமா (கைநாட்டு)


மார்ச் 30

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் முழங்கால் தேவலையா? வெந்நீர் ஒத்தடம் கொடுத்தீர்களா? நான் நன்றாக இருக்கிறேன். டைப்பிஸ்ட் அம்மாவுக்கு என் வணக்கம்.

ஊர் ஊராக அலைச்சல். ஒரு விடுதியில் பையைப் பிரிப்பதற்குள் அடுத்த விடுதிக்குக் கட்டச் சொல்கிறார்கள். எல்லா விடுதியிலும் ஒரே திரைச்சீலை, ஒரே நாற்காலி. எந்த ஊர் என்று ஜன்னலைத் திறந்தால்தான் தெரிகிறது. பாடகன் உங்களை விசாரித்தான். அவன் வரி மறந்ததை நீங்கள் பிடித்துவிட்டீர்கள் என்றதும் வெட்கப்பட்டான்.

நேரலை என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் மாமா. உங்கள் டிவியும் பழசு. கச்சேரியை இப்போது டிஸ்க்காகப் போடுகிறார்கள். ஒலி, ஒளி எல்லாம் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். வெளியானதும் முதல் பிரதி உங்களுக்குத்தான். அதைப் பாருங்கள், அதுதான் எங்கள் கச்சேரி. உங்கள் மகளையும் அவள் வீட்டுக்காரரையும் உட்கார வைத்துச் சேர்ந்து பாருங்கள்.

வெயிலில் அலையாதீர்கள்.

உங்கள் டப்பா


ஜூன் 11

டப்பாவுக்கு மாமா.

நான் இருக்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

டிஸ்க் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டேன். மகள் தட்டில் பிஸ்கெட் கொண்டுவந்தாள். மருமகப்பிள்ளை டிஸ்க் போடுகிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஒயரெல்லாம் மாட்டினார். டைப்பிஸ்ட் அம்மாவும் இறங்கி வந்தார்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். விளம்பரம் இல்லை. முதல் பாட்டிலேயே சத்தம் வந்தது, அதுவும் உன் அடி என் நெஞ்சிலேயே விழுகிற மாதிரி. டிவியில் காட்டாததையெல்லாம் இதில் காட்டினார்கள். உன் கால் கீழே என்ன செய்கிறது என்று இதில்தான் பார்த்தேன். கையை மட்டும்தான் ஆட்டுகிறாய் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சோப்புக்காரன் விழுங்கிய கிடார் இடமும் கிடைத்தது. மருமகப்பிள்ளைகூட அதற்குத் தலையாட்டினார்.

ஆனால் பாடகன் வரியை மறக்கவில்லை. டிவியில் அவனுக்கு மூச்சு வாங்கியது, இதில் வாங்கவில்லை. யாருக்கும் ஒரு தப்பும் நடக்கவில்லை. அதுவரைக்கும் சரி, துடைத்திருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

நீளப் பாட்டு வந்தது. "இப்பப் பாருங்க, குச்சி விழும்" என்றேன். எல்லோரும் முன்னால் குனிந்தார்கள்.

விழவில்லை. "இருங்க, இன்னும் கொஞ்சம்" என்றேன். நீ அடித்துக்கொண்டே இருந்தாய். ஹெட்போன் மாட்டியவர் வரவில்லை. வேறு ஆள் உட்காரவில்லை. கடைசிப் பாட்டு முடிந்து நீ எழுந்து நின்று கும்பிட்டாய். அப்போது டிவியை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தூக்கக் கலக்கத்துல எதையாவது பார்த்திருப்பீங்க மாமா" என்றார் மருமகப்பிள்ளை. மகள் போகும்போது அடுப்பைத் தொட்டுப் பார்த்து, சிலிண்டரை மூடி, லைட்டரைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். அவள் வார்டில் இருப்பவர்களெல்லாம் புத்தி தவறிய கிழவர்கள். அவள் கண்ணுக்கு இப்போது என் அறையும் ஒரு வார்டு.

நேராகக் கேட்கிறேன். குச்சி விழுந்ததா, இல்லையா?

மாமா (கைநாட்டு)


ஜூலை 8

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நானும் அப்படியே.

டிஸ்க் பிடித்ததில் சந்தோஷம். அதில் என்ன இருக்கிறதோ அதுதான் மாமா. நீங்கள் அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விடிகாலையில் எழுந்து உட்கார்ந்தால் யாருக்கும் கண் சொருகத்தான் செய்யும்.

அடுத்த வருஷச் சுற்றுப்பயணத்துக்கு இப்போதே பேச்சு நடக்கிறது. அதிக நேரம் இல்லை, மன்னியுங்கள். உங்கள் மகள் சொல்வதைக் கேளுங்கள். அவள் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்வாள்.

டப்பா


ஜூலை 20

டப்பாவுக்கு.

இருக்கிறேன். நீ?

உன் கடிதத்தை டைப்பிஸ்ட் அம்மா படித்து முடித்தபோது, மறுபக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

மகள் என்னை டாக்டரிடம் கூட்டிப் போனாள். நல்ல மனிதர், நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொன்னார். கிழமை கேட்டார், சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். பெயிண்ட் கிடங்கில் டப்பா எண்ணி இறக்கியவன் நான், அவர் போதும் போதும் என்கிற வரைக்கும் கழித்தேன். பிறகு பேனாவைக் கொடுத்து ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். பேனா பிடித்த கையா இது. ஒரு வட்டம் போட்டேன். அது டப்பா மூடி மாதிரி வந்தது. எண்களை எங்கே போடுவேன்? "இல்லாத ஒண்ணு இருக்கற மாதிரி எப்பவாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் குச்சிக் கதையைச் சொல்லிவிட்டாள். அவர் தலையை மெதுவாக ஆட்டி எழுதிக்கொண்டு, மாத்திரை கொடுத்தார்.

ஆகஸ்ட் கடைசியில் அறையைக் காலி செய்து முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போகிறாள். பார்த்துவிட்டு வந்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை, கட்டிலுக்குக் கட்டில் மின்விசிறி இருக்கிறது. ஆனால் வெளிக்கதவு சாவி உள்ளே இருக்கிறவர்களிடம் கிடையாது.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தெருமுனை வரை போகிறேன், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். பூட்டியது நன்றாக நினைவிருக்கிறது, ஆனாலும் இழுக்கிறேன். குச்சி விழவில்லை என்றால், உன் அம்மா சாவதற்கு முன் கடைசியாக என்னிடம் சொன்னது என்று நான் வைத்திருப்பதும் அவள் சொன்னதுதானா? படித்தவர்கள் மறந்தால் எடுத்துப் பார்க்கக் காகிதம் இருக்கிறது. எனக்கு இந்தத் தலை ஒன்றுதான்.

டிஸ்க்கைத் தினமும் போட்டுப் பார்க்கிறேன். நீளப் பாட்டுக்கு முன்னால் உங்கள் தலையெல்லாம் தூறலில் நனைந்திருக்கிறது. அந்தப் பாட்டு தொடங்கியதும் எல்லாத் தலையும் காய்ந்துவிடுகிறது, கடைசிவரை நனையவே இல்லை. இதை வெளியே சொன்னால் இன்னொரு மாத்திரை சேர்ப்பார்கள். அதனால் உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

மாமா (கைநாட்டு)

தம்பி, இது நான், மாடி டைப்பிஸ்ட், என் பொறுப்பில் எழுதுவது. முன்பெல்லாம் உங்கள் கடிதம் கையெழுத்தில் வரும். இந்த வருஷம் இரண்டுமே அச்சில் வந்தன. அடியில் உள்ள கையெழுத்து பள்ளிக்கூடப் பிள்ளை போட்டது மாதிரி இருக்கிறது. பெரியவருக்கு அது தெரிய வழியில்லை. நானும் சொல்லவில்லை.


ஆகஸ்ட் 14

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் அனைவரும் நலம். உங்கள் நலத்துக்கு வேண்டுகிறோம். அப்பா சொல்ல நான் எழுதுகிறேன். இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்.

அப்பா சொல்வது: "டப்பா, நான் பார்த்தது கனவு. டிவி முன்னால் தூங்கிவிட்டேன். குச்சி விழவில்லை. டிஸ்க்கில் இருப்பதுதான் சரி. உன் தொழிலைப் பார். அடுத்த வருஷச் சுற்றுப்பயணத்துக்குப் போ. நான் ஒன்றாம் தேதி இல்லத்துக்குப் போகிறேன். இனி அதைப் பற்றி யாரும் உன்னிடம் கேட்க மாட்டார்கள்."

அவ்வளவுதான் சொன்னார். வேறு ஏதாவது எழுதவா என்று கேட்டேன், போதும் என்றார். அத்தான், அவராகவே ஒப்புக்கொண்டதில் எனக்குப் பாதி நிம்மதி. மாத்திரை வேலை செய்கிறது போலிருக்கிறது. எப்போதும் சண்டை போடுகிறவர், இப்போது சட்டையை மடித்துப் பெட்டியில் வை என்றால் வைக்கிறார். அந்த மீதிப் பாதிதான் என்னவோ செய்கிறது.

உங்கள் மாமா மகள்


ஆகஸ்ட் 15

மாமா மகளுக்கு,

நீயும் வீட்டுக்காரரும் சுகமாக இருக்க வேண்டும். இது உனக்கு மட்டும். நான் சொல்ல எங்கள் கிடார்க்காரன் எழுதுகிறான். காரணம் கீழே வரும்.

மாமா சொன்னது அத்தனையும் நடந்தது. கச்சேரி இரண்டு நாள் நடந்தது. இரண்டு நாளும் படம் பிடித்தார்கள். டிவியில் நேரலையாகப் போனது இரண்டாம் நாள் கச்சேரி. அன்றைக்குத்தான் தூறல், அன்றைக்குத்தான் என் கை நின்றுபோனது. டிஸ்க் போடும்போது பாடகன் வரி மறந்த இடத்திலும், நீளப் பாட்டிலிருந்து கடைசிவரையும் முதல் நாள் படத்தை ஒட்டிவிட்டார்கள். எல்லாக் குழுவும் இப்படிச் செய்வதுதான். நானும் தலையாட்டினேன்.

உஷ்ணம், தண்ணீர் குடிக்காத மயக்கம் என்று குழுவில் சொல்லி வைத்தேன். சொன்னபடி நம்பினார்கள். டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். நரம்புக் கோளாறு, பழையபடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வருஷம் என் நாற்காலியில் வேறு ஆள் உட்காருவான். மாமாவிடம் சொன்னால் அவர் உன்னிடம் கேட்பார், நீ போன் எடுப்பாய், எப்படியும் வெளியே வரும். அதனால் அவர் கேட்கக் கேட்க நழுவினேன். கண் சொருகியிருக்கும் என்றுகூட எழுதினேன்.

அவரைக் கதவுக்குப் பின்னால் வைக்கும் அளவுக்குப் போகும் என்று தெரியாது. ஜூலைக் கடிதம் நாலு ஊர் சுற்றி நேற்றுத்தான் கைக்கு வந்தது. இன்று காலை பாடகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "உன் இடத்துல யாரைப் போடலாம்னு நீயே சொல்லு" என்றான். சொன்னேன்.

மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் அறைச் சாவியை அவரிடம் கொடுத்துவிடு.

டப்பா


ஆகஸ்ட் 27

அத்தானுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. கடைசியில் விசாரிக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்தபோது அப்பா பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். படித்துக் காட்டினேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமாப்பா?"

"கண்ணால பார்த்தேனே, எப்படித் தெரியாம இருக்கும்?"

"அப்போ கனவுன்னு ஏன் சொன்னீங்க?"

"அவன் மறைக்கிறான்னா வேலை போகும்னு மறைக்கிறான். நான் விழுந்துது விழுந்துதுன்னு கத்திட்டே இருந்தா ஒருநாள் யாராவது அவன்கிட்ட போய்க் கேப்பாங்க. புத்தி கெட்டவன்னு நீங்களே சொல்லிட்டீங்கன்னா அப்புறம் எவன் கேக்கப்போறான்? நான் பைத்தியமா இருக்கறதுதான் அவனுக்கு சௌகரியம்."

"அதுக்காக இல்லத்துக்குப் போயிடுவீங்களா?"

"மின்விசிறி இருக்கு இல்ல?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பெட்டியை உதைத்தேன், கால் விரல் வீங்கிவிட்டது. நீங்கள் ஒருவர், அவர் ஒருவர். ஆளுக்கொரு பொய்யைச் சொல்லிவிட்டு நடுவில் என்னைப் பேயாக்கிவிட்டீர்கள். பதினாறு வருஷமாக வார்டில் இருக்கிறேன், பெற்ற அப்பனை நான்தான் தப்பாகப் படித்தேன். அது உங்கள் தப்பு இல்லை, என்னுடையது.

இல்லத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அறைச் சாவியும் லைட்டரும் அவரிடமே இருக்கின்றன. மாத்திரை நிறுத்தியாயிற்று. என் வீட்டுக்காரர் அவரிடம் போய், "தப்பா பேசிட்டேன் மாமா" என்று நின்றார். "உக்காருங்க, டிஸ்க் போடறேன்" என்று அப்பா பழிவாங்கிவிட்டார்.

இப்போது விசாரிக்கிறேன். மரத்துப்போகிறதா, நடுங்குகிறதா? காலையில் அதிகமா, மாலையிலா? அந்த டாக்டர் எழுதியதையெல்லாம் எனக்கு அனுப்புங்கள். அதைவிட, கிளம்பி வாருங்கள்.

மாமா மகள்


செப்டம்பர் 9

டப்பாவுக்கு மாமா.

நான் என் அறையில் இருக்கிறேன். சுகமா என்று கேட்காதே. உன் பதில் வராமல் கேட்டுக்கும் கதவுக்குமாக நடந்து செருப்பு தேய்ந்துவிட்டது. தபால்காரர் என்னைக் கண்டாலே தெரு மாறுகிறார்.

மகள் நோயைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறாள். எனக்கு அதெல்லாம் புரியாது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். சட்டைப் பொத்தானை நீயே போட்டுக்கொள்கிறாயா? சமாதானம் சொல்லாதே. முடியும், முடியாது, இரண்டில் ஒன்று.

மாமா (கைநாட்டு)


செப்டம்பர் 21

அன்புள்ள மாமாவுக்கு,

முடியாது.

இதை இடது கையால் நானே எழுதுகிறேன். டைப்பிஸ்ட் அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டியிருக்கும்.

புதிய டாக்டர் ஒருவரைப் பார்த்தேன். அன்று முதலில் எந்த விரல் நின்றது, கை எந்தப் பக்கம் திரும்பியது, எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று கேட்கிறார். அதை வைத்துத்தான் எங்கே கோளாறு என்று தேட முடியுமாம். எனக்கு எதுவுமே நினைவில்லை மாமா. இரண்டாவது குச்சியை எடுத்தது வரைக்கும் தெரியும். அடுத்து நான் நினைவு வந்து பார்க்கும்போது உள்ளே ஒரு நாற்காலியில் இருந்தேன். அந்த இரண்டாம் நாள் படத்தை டிஸ்க் போட்டவர்களிடமும் டிவிக்காரர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். வேண்டாததை அழித்துவிட்டோம் என்றார்கள். குழுவில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

நாடு திரும்பிவிட்டேன், வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன். நான் அலுப்பாக இருக்கிறது என்று சொன்னாலும் விடாதீர்கள். உங்கள் எதிரில் உட்கார வைத்து நீளப் பாட்டிலிருந்து சொல்லுங்கள். உங்கள் மகள் எழுதிக்கொள்ளட்டும்.

டப்பா